வேப்பங்கொப்பை இறக்கிய மூன்று காலைகள்

காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கும் கொல்லைச் சுவருக்கும் நடுவில் ஒரு வேம்பு நிற்கிறது. ஐயா காலத்து மரம். ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. அதன் தெற்குக் கொப்பு நாலைந்து வருஷமாக இரண்டாம் கட்டு ஓட்டுச் சரிவின் மேல் சாய்ந்துகொண்டே வந்தது. ஆடிக் காற்றில் அது ஓட்டை உரசும் சத்தம் ராத்திரி வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், படுத்திருந்தால் கேட்கும். உதிர்ந்த இலையெல்லாம் ஓட்டு மடக்கில் சேர்ந்து அடைத்துக்கொண்டது. வளவுக்குள் விழவேண்டிய மழைத்தண்ணீர் சுவரோரம் கசிந்து, பர்மாத் தேக்கு உத்திரம் ஒன்றின் முனை கறுத்துப் போனது. ஐப்பசி அடைமழைக்குள் அந்தக் கொப்பை இறக்கியாக வேண்டும் என்று புரட்டாசி பிறந்ததும் முடிவு செய்தோம்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, புதுக்கோட்டை வழியாக எங்கள் பக்கமும் வந்துபோனது இங்கே யாருக்கும் மறக்காது. அன்று எங்கள் தெருவில் ஓட்டுக்கூரை உடைந்த வீடுகளில் பாதிக்கு மேல் காற்றால் உடையவில்லை, மேலே சாய்ந்திருந்த மரத்தால் உடைந்தது. அதைப் பார்த்தும் நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம்.

தள்ளிப்போட்டதற்கு ஒரு காரணம் பயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் அப்பச்சி (எங்கள் அப்பா) விழுந்தார். மரத்திலிருந்து அல்ல, ஏணியிலிருந்து. பின்கட்டுத் தாழ்வாரத்தை ஒட்டி முருங்கைக்காய் கைக்கு எட்டுகிற மாதிரி தொங்கியது. ஏணியின் கால் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் இருந்தது. பல வருஷம் துடைத்துத் துடைத்துக் கண்ணாடிபோல் ஆகிவிட்ட தரை. இரண்டு காயைப் பறித்துவிட்டு மூன்றாவதுக்காக உடம்பைச் சாய்த்தார். ஏணியின் அடி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. ஐந்தடி உயரம்தான். வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. இன்றைக்கும் அந்தக் கையால் வேட்டியை இறுக்கிக் கட்ட முடிவதில்லை.

வீட்டு மரம், வீட்டுக் கொல்லை என்பதாலேயே நமக்கு ஒரு அசட்டை வந்துவிடுகிறது. கட்டட வேலைக்குச் சாரம் கட்டுகிறவர்களிடம் கேட்கிற கேள்விகளை நம் வீட்டு ஏணியிடம் கேட்பதில்லை. இந்த முறை ஒவ்வொன்றையும் கேட்டுச் செய்வது என்று இறங்கினேன். செய்ததையும், தவறியதையும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் காலை: வெறுமே பார்த்தது

பக்கத்துக் கிராமத்திலிருந்து மரம் ஏறும் அண்ணன் ஒருவரை வரச்சொன்னேன். முப்பது வருஷமாக ஏறுகிறவர். வந்ததும் அரிவாளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு மரத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் நடந்தார். நானும் கூடவே நடந்தேன். அந்த அரை மணியில் நான் கற்றுக்கொண்டது இதுவரை படித்த எதிலும் இல்லை.

முதலில் தூர். மண்ணோடு சேரும் இடத்தில் காளான் இருக்கிறதா, கறையான் புற்று இருக்கிறதா, வேர்ப் பக்கம் மண் வெடித்திருக்கிறதா என்று பார்த்தார். அரிவாளின் முதுகால் தண்டைச் சுற்றிலும் தட்டினார். நல்ல இடத்தில் ‘திண்’ என்று கேட்கும். உள்ளே பொந்து விழுந்திருந்தால் சத்தம் மாறி ‘டொப்’ என்று வரும். எங்கள் மரம் தூரில் திடமாகத்தான் இருந்தது.

அடுத்து மேலே. இலை இல்லாத கொப்பு, பட்டை உரிந்த கொப்பு, வெடிப்பு விட்ட கவை ஒவ்வொன்றையும் விரலால் காட்டினார். “பச்சைக் கொப்பு முறியும்போது முனகும் தம்பி. பட்டுப்போனது சத்தம் போடாமலே கையோட வந்துடும்” என்றார். பட்ட கொப்பில் காலும் வைக்கக்கூடாது, கயிறும் கட்டக்கூடாது. முருங்கையாக இருந்தால் பச்சையாக இருந்தாலுமே ஏறக்கூடாது. அதன் கட்டை அவ்வளவு மென்மை. அப்பச்சி அன்றைக்கு ஏணி போட்டதே அதனால்தான்.

பிறகு அவர் காட்டியது எனக்குக் கண்ணில் படவே படாத ஒன்று. ஆடிக் காற்றில் எங்கோ முறிந்த கை கனத்துக் கொப்பு ஒன்று, கீழே விழாமல் நடுக் கவையில் சிக்கித் தலைகீழாகத் தொங்கியது. இலை மறைப்பில் பாதி தெரியவில்லை. “இதுதான் ஆளை அடிக்கும். நாம வெட்டுறது எப்ப விழும்னு நமக்குத் தெரியும். இது எப்ப விழும்னு யாருக்கும் தெரியாது.” நான் ஒரு தாளில் மரத்தை வரைந்து, அந்த இடத்தில் சிவப்பு மையால் சுழித்து வைத்தேன்.

கடைசியாகப் பூச்சி. வேம்பில் எதுவும் இல்லை. ஆனால் வடக்குச் சுவரோரம் நிற்கும் பனையின் காய்ந்த மட்டைக்குள் பழுப்பாகப் பானை மாதிரி ஒன்று தெரிந்தது. கதண்டு என்னும் பெரிய குளவியின் கூடு. அண்ணன் உடனே இரண்டடி பின்னால் வந்துவிட்டார். கதண்டு ஒன்று கொட்டினால் வலி. கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. விஷம் ஒத்துக்கொள்ளாத உடம்பாக இருந்தால் ஒன்றிரண்டு கொட்டே மூச்சை அடைத்துவிடும். பனைக்கும் வேம்புக்கும் நாற்பதடி தூரம் இருந்தது. வேம்பில் மோட்டார் ரம்பம் ஓட்டினால் அந்த இரைச்சலும் அதிர்வும் கூட்டைக் கலைத்துவிடலாம் என்பதால் கைரம்பம்தான் என்று அங்கேயே தீர்மானம் ஆனது.

எனக்கு அதில் மன நிறைவு. மரம் அறுக்கும் மெஷின் தரையில் கிடக்கும் கட்டையைத் துண்டு போடத் தோதானது. அதை ஏணியில் நின்றோ, தோளுக்கு மேல் தூக்கியோ பிடிக்கக்கூடாது. மெஷினின் ரம்பப் பட்டை மூக்கு முனை ஏதாவது ஒன்றில் இடித்தால், ஓடும் சங்கிலி மெஷினையே பின்னுக்கு உதைத்து முகத்தை நோக்கித் தூக்கும். கண் இமைக்கும் நேரம்கூடக் கிடைக்காது. பழகியவர்கள் இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரலைக் கைப்பிடிக்குள் பூட்டி, முகத்தை அந்த நேர்க்கோட்டுக்கு வெளியே வைத்துத்தான் வேலை செய்வார்கள். வாடகைக்கு எடுத்து வந்து ஒரு நாளில் பழகிக்கொள்ளலாம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கம்பி

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் அந்தத் தெற்குக் கொப்புக்கு நாலடி கீழே போகிறது. “மெயினை அணைத்துவிட்டால் ஆச்சே” என்று நான் சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “வீட்டுக்குள்ள இருக்கிற மெயினை அணைச்சா வீட்டுக்குத்தான் கரண்ட் போகாது. கம்பத்துலேருந்து மீட்டர் வரைக்கும் அந்த ஒயர்ல கரண்ட் ஓடிக்கிட்டேதான் இருக்கும்” என்றார். நாற்பத்தாறு வயதில் எனக்கு இது தெரியாமல் இருந்திருக்கிறது. கம்பத்தில் பியூஸை எடுத்தால்தான் அந்த ஒயர் செத்த ஒயர். அதை எடுக்க மின்வாரிய ஆளுக்கு மட்டுமே உரிமை. ஒயருக்கு மேலே கறுப்பு உறை இருக்கிறதே என்று நம்பவும் கூடாது. பல வருஷ வெயிலில் அது வெடித்துப் பாளம் பாளமாக விட்டிருக்கும்.

மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்து பதிவு செய்தேன். பிரிவு அலுவலகத்துக்கும் நேரில் போய் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, வேலை நடக்கும் காலை ஏழரைக்கு லைன்மேன் வந்து பியூஸை எடுத்துத் தருவதாகவும், முடிந்ததும் திரும்பப் போடுவதாகவும் சொன்னார்கள். அதற்காக ஒரு நாள் காத்திருந்தேன், அவ்வளவுதான். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்க நினைத்துத்தான் பல வீடுகளில் சாவு விழுகிறது.

அதே நாள் எங்கள் வீட்டு அலுமினியத் தொரட்டியைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டேன். இலேசாக இருக்கிறது, நீளமாக இருக்கிறது என்று வாங்கியது. வீட்டுக்கு வரும் ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட்டே ஆளைக் கொல்லப் போதும். தெருவில் போகும் உயரழுத்தக் கம்பியில் இருப்பது 11,000 வோல்ட். அதைத் தொடக்கூட வேண்டாம், பக்கத்தில் போனாலே தாவும். தேங்காய் பறிக்கவும் முருங்கைக்காய் பறிக்கவும் இரும்போ அலுமினியமோ கொண்ட தொரட்டியை நிமிர்த்தி, கம்பியில் பட்டு இறந்தவர்களைப் பற்றிய செய்தி நம் ஊர்த் தாள்களில் வராத வருஷம் கிடையாது. காய்ந்த மூங்கில் தேவலை, ஆனால் மழையில் நனைந்த மூங்கிலும் கரண்டைக் கடத்தும். கம்பி ஓடும் பக்கம் தொரட்டியே வேண்டாம் என்பதுதான் இப்போது எங்கள் வீட்டு வழக்கம். கம்பி அறுந்து கீழே கிடந்தால் முப்பதடிக்கு இப்பால் நின்று போன் செய்வது. அருகில் போய்க் குச்சியால் தள்ளிப் பார்ப்பது கிடையாது.

பெல்ட்டும் கயிறும்

காரைக்குடி ஹார்டுவேர் கடையில் உடம்பு முழுக்க மாட்டும் சேஃப்டி பெல்ட் ஒன்று வாங்கினேன். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டும் இருந்தது, விலையும் குறைவு. ஆனால் விழுந்து தொங்கினால் முழு எடையும் இடுப்பில் வெட்டும், முதுகெலும்பு மடங்கும். தொடை, தோள், மார்பு எல்லாம் சேர்த்துத் தாங்குவதுதான் வேண்டும். தலைக்குக் கட்டட வேலை ஹெல்மெட் இரண்டு, ரம்பத்தூள் கண்ணில் விழாமல் இருக்கக் கண்ணாடி, தோல் கையுறை. கயிறு இரண்டு, இரண்டும் புதிது. வீட்டில் கிடந்த தேங்காய்நார் வடத்தை அண்ணன் பிரித்துக் காட்டினார். வெளியே பார்க்க உறுதியாக இருந்தது, உள்பிரி பொடியாக உதிர்ந்தது.

பெல்ட்டைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகம் மாறியது. “முப்பது வருஷமா ஏறுறேன் தம்பி. ஒரு நாளும் கட்டினதில்ல. இது காலைத் தடுக்கும்.” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பழக்கமில்லாத ஒன்றை உயரத்தில் முதல்முறை மாட்டிக்கொள்வதும் ஆபத்துதான். நான் வற்புறுத்தத் தயங்கி நின்றேன். ஆத்தாதான் அடுப்படியிலிருந்து வந்து சொன்னார்: “ஏப்பா, எங்க வீட்டு மரத்துல ஏறுறப்ப மட்டும் கட்டிக்க. நீ இறங்குறவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.” அவர் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் தரையிலிருந்து ஆறடி உயரத்தில் அதை மாட்டித் தொங்கிப் பார்த்து, எந்த வாரை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சரி செய்துகொண்டார்.

ஒரு கயிறு ஆளுக்கு, ஒரு கயிறு கொப்புக்கு. இரண்டையும் ஒரே கவையில் போடுவதில்லை. ஆளுக்கான கயிறு வெட்டப்போகும் கொப்புக்கு மேலே, நடுத்தண்டில், தொடைக் கனத்துக்குக் குறையாத பச்சைக் கவையில் ஏறும். அந்தக் கயிற்றின் மறுமுனையைக் கீழே பூவரச மரத்தின் தூரில் கட்டாமல், பிடித்திருக்கும் ஆளே மெல்ல மெல்லத் தளர்த்தி இறக்கும்படி வைத்தோம். காரணம் இருக்கிறது. பெல்ட் ஆளை விழாமல் நிறுத்தும். ஆனால் மயங்கித் தொங்குகிற ஆளை எப்படி இறக்குவது என்று முன்பே யோசிக்காவிட்டால், தொங்கவிட்டுக்கொண்டு தீயணைப்பு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். தொடை வாரில் இரத்தம் தேங்கி, கால் மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகிவிடலாம்.

இன்னொன்று கூலி. மொத்தமாக இவ்வளவு என்று பேசாமல் நாள் சம்பளமாகப் பேசினோம். மொத்தமாகப் பேசினால் அவருக்குச் சீக்கிரம் முடிக்கத் தோன்றும், எனக்கும் சீக்கிரம் முடிந்தால் நல்லது என்று தோன்றும். அவர் விழுந்து ஆறு மாதம் படுத்தால் அவர் வீட்டில் உலை வைக்க வேறு ஆள் இல்லை. அந்தக் கணக்கில் இரண்டு நாள் கூடுதல் சம்பளம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டாம் காலை

அன்று வெள்ளிக்கிழமை என்றால் வேம்பில் அரிவாள் வைக்க மாட்டேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார். ஆகவே சனிக்கிழமை. காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு நிறுத்துவது என்று ஏற்பாடு. புரட்டாசி வெயிலில் பதினோரு மணிக்கு மேல் உயரத்தில் இருப்பவருக்குத் தலை சுற்றினால் சொல்லக்கூட நேரம் இருக்காது. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பானை வேப்பமரத்தடிக்கு வெளியே வைத்திருந்தோம்.

கம்பி இல்லாத வடக்குப் பக்கத்துச் சில்லறைக் கொப்புகள் மட்டும் அன்றைக்கு. ஏணிக்கு நான் பொறுப்பு. நாலடி உயரத்துக்கு ஒரு அடி வீதம் கீழ்க்கால் விலகி இருக்க வேண்டும். பன்னிரண்டு அடியில் சாய்த்தால் அடி மூன்றடி தள்ளி. அதைவிட நெருக்கினால் ஆளோடு பின்னால் சாயும், அதைவிட விலக்கினால் அடி வழுக்கும். எங்கள் கொல்லை செம்மண்ணும் சரளையும். சரளை உருளும் என்பதால் இரண்டு கால்களுக்கும் நாலங்குலக் குழி தோண்டி உள்ளே இறக்கினேன். மேல்முனையைத் தண்டோடு கயிற்றால் கட்டிய பிறகுதான் அண்ணன் மரத்துக்குத் தாவினார். அதுவரை நான் ஏணியை விடவில்லை. வீட்டுக்குள் கல் தரையில் ஏணி போடுவதே இல்லை என்று அப்பச்சி விழுந்த நாளிலேயே நிறுத்தியாயிற்று.

அரிவாளும் ரம்பமும் கையில் பிடித்துக்கொண்டு ஏறவில்லை. மேலே போனபின் சின்னக் கயிற்றில் கூடை கட்டி ஏற்றினோம், அதே வழியில் இறக்கினோம். மேலிருந்து அரிவாளைத் தூக்கிப் போட்டுவிட்டு இறங்குவதுதான் பல இடத்தில் பழக்கம். எங்கே போய்க் குத்தும் என்பது போட்டவருக்கே தெரியாது.

வெட்டும்போது ஒரு முறைப்பேச்சு வைத்துக்கொண்டோம். மேலேயிருந்து “விடுறேன்” என்பார். கீழே எல்லாரையும் பார்த்துவிட்டு நான் “சரி, விடுங்க” என்று சொன்னால்தான் கடைசி வெட்டு. பதில் சொல்வது நான் ஒருவன் மட்டும். இரண்டு பேர் பதில் சொன்னால் ஒருவர் பார்த்திருப்பார் என்று இன்னொருவர் நினைத்துவிடுவோம்.

மூன்றாம் காலை

பெரிய கொப்பு. அடியில் பத்தங்குலக் கனம், நீளம் இருபத்திரண்டு அடி. பச்சை வேம்பில் ஐந்தடித் துண்டே 60, 70 கிலோ வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதை முழுதாக விழ விட்டால் ஓடு, உத்திரம், கம்பி எதுவும் மிஞ்சாது. நுனியிலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்க வேண்டும்.

வேம்பைச் சுற்றி முப்பதடிக்குப் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிய கயிறு வட்டம். கொல்லைக் கதவு பூட்டியாயிற்று. அண்டை வீட்டுக்கும் சொல்லியாயிற்று. வட்டத்துக்குள் சுவரோரம் இருந்த கேணியின் வாயைப் பலகை போட்டு மூடினோம். இலைக் குவியல் விழுந்தால் கேணி எங்கே, தரை எங்கே என்று தெரியாமல் போகும். பழைய கேணிக்குள் ஏதாவது தவறி விழுந்தால் அதை எடுக்க யாரும் இறங்குவதில்லை என்றும் பேசிவைத்தோம். அடியில் தேங்கும் விஷக்காற்று கண்ணுக்குத் தெரியாது. முதலில் இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்தே போவார். ஓட்டின் மேல் யாரும் கால் வைக்கவில்லை. நாட்டு ஓடு ஆள் எடையைத் தாங்காது.

லைன்மேன் ஏழரைக்கு வந்து பியூஸை எடுத்தார். அவரே ஒயரைச் சோதித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அண்ணன் ஏறினார். முதல் வேலையாக, சிவப்பில் சுழித்த அந்தத் தொங்கு கொப்பைக் கயிறு போட்டு இழுத்துவிடலாம் என்று பார்த்தோம். அசையவில்லை. சரி, அடுத்த கொப்பை எடுத்தபின் பார்க்கலாம் என்று விட்டோம். அது தவறு. அதை இறக்காமல் மற்றதைத் தொட்டிருக்கவே கூடாது.

கொப்புக் கயிறு மேல் கவை வழியாக வந்து, கீழே தூரைச் சுற்றி இரண்டு சுற்று. அந்தச் சுற்றின் பிடியால்தான் அண்ணனின் மச்சினன் ஒரே ஆளாக 70 கிலோவை மெல்ல இறக்க முடிந்தது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல், கையுறையோடு பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு இறக்கினார். கையில் சுற்றினால் கொப்பு போகிற வேகத்தில் விரலையோ ஆளையோ கூடவே இழுத்துப் போகும்.

முதல் துண்டு, இரண்டாவது துண்டு அழகாக இறங்கின. மூன்றாவது இறங்கும்போது கொஞ்சம் ஆடி, நடுக் கவையில் தட்டியது. நான் அப்போது வட்டத்துக்கு வெளியே கயிற்றை ஒட்டி நின்றேன். தரையில் கிடந்த கைரம்பத்தின் உறை வட்டத்துக்குள் கண்ணில் பட்டது. எடுத்துவிடலாம் என்று கயிற்றைத் தாண்டக் குனிந்தேன். “தம்பி!” என்று மேலேயிருந்து ஒரு சத்தம். அப்படியே நின்றேன். தொங்கு கொப்பு விழுந்தது. நேராக விழவில்லை, ஒரு கிளையில் பட்டுத் திரும்பி, அந்த உறை கிடந்த இடத்துக்கு ஒன்றரை அடி பக்கத்தில் குத்தி நின்றது. செம்மண்ணில் நாலங்குலம் இறங்கியிருந்தது.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அண்ணன் இறங்கி வந்து தண்ணீர் குடித்தார். எனக்குக் கை நடுங்கியது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் மறுபடி தொடங்கினோம். ஹெல்மெட் போட்டிருந்தேன். அது சுள்ளிக்குத் தாங்கும், இதற்குத் தாங்கியிருக்காது.

கடைசியாக அடிக்கொப்பு. தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிக் கீழ்ப்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்கு இரண்டங்குலம் வெளியே மேல்பக்கமாக இரண்டாவது வெட்டு. கொப்பு முறிந்து விழும்போது பட்டை கிழிவது கீழ்வெட்டோடு நின்றுவிடும். மேலிருந்து மட்டும் அறுத்திருந்தால் தன் எடையால் பட்டையை உரித்துக்கொண்டு, ஏணி சாய்ந்திருக்கும் பக்கம் வரை கிழித்துக்கொண்டு வரும். மிச்சம் நின்ற ஒரு அடிக் கட்டையை மூன்றாவது வெட்டில் எடுத்தார். தண்டோடு ஒட்ட வழித்து எடுக்கவில்லை. கொப்பு தண்டோடு சேருமிடத்தில் மோதிரம்போல ஒரு புடைப்பு இருக்கிறது, அதற்கு வெளியே நிறுத்தினார். மரம் அந்தப் புடைப்பிலிருந்துதான் காயத்தை மூடிக்கொண்டு வரும்.

வெட்டுவாயில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போர்டோ பசை பூசினேன். 100 கிராம் மயில்துத்தம் அரை லிட்டர் தண்ணீரில், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு அரை லிட்டரில், தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பிறகு கலப்பது. இரும்புப் பாத்திரம் ஆகாது. சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும் என்பதால் அப்போதும் கண்ணாடி போட்டிருந்தேன்.

பத்தே முக்காலுக்கு லைன்மேன் பியூஸைப் போட்டார். அன்று ஆத்தா எல்லாருக்கும் சேர்த்துச் சமைத்திருந்தார்.

தரையில் கிடந்தது

மரத்தில் இருந்த பயம் தரைக்கு வந்ததும் போய்விடும். மறுநாள் இலையையும் சுள்ளியையும் வாரும்போது அதைக் கவனித்தேன். செருப்பைக்கூட மறந்து இறங்கப் போனேன்.

சுவரோரம் பழைய ஓட்டுக் குவியல் ஒன்று பல வருஷமாகக் கிடக்கிறது. அதன் மேலும் இலை விழுந்திருந்தது. கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு, முதலில் நீளக் கழியால் குவியலைச் சுற்றித் தட்டினேன். அப்புறம் ஒவ்வொரு ஓடாகத் தொரட்டிக் கம்பின் கொக்கியால் என் பக்கம் சாய்த்துத் தூக்கினேன். அப்படித் தூக்கினால் இடுக்கு எதிர்ப்பக்கம் திறக்கும், ஓடு நமக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவில் தடுப்பாக நிற்கும். ஏழாவதோ எட்டாவதோ ஓட்டில், ரம்பத்தால் தகரத்தை அறுப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. சுருட்டை விரியன். ஒன்றரை அடிகூட இருக்காது. உடம்பை மடித்து மடித்துச் செதிலோடு செதிலை உரசிக்கொண்டிருந்தது. ஓட்டை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். கால் மணியில் அது சுவர்ப் பொந்துக்குள் போய்விட்டது. அன்றைக்கு அந்தக் குவியலை அதோடு நிறுத்திவிட்டேன்.

நம் வறண்ட சரளை நிலம் சுருட்டைக்குப் பிடித்த இடம். சின்னதாக இருப்பதால் பலர் அலட்சியம் செய்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை, இந்த நாலின் கடிதான் நம் நாட்டில் பெரும்பாலான பாம்புக்கடிச் சாவுக்குக் காரணம். நாலுக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள். அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருவது.

கடித்தால் செய்யவேண்டியதை ஒரு அட்டையில் எழுதிக் கொல்லைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். கடிபட்டவரை நடக்கவிடாமல் உட்காரவைப்பது. மோதிரம், கொலுசு, இறுக்கமானதெல்லாம் கழற்றுவது. கடிபட்ட கை காலை எலும்பு முறிந்ததுபோலக் கட்டையோடு சேர்த்து அசையாமல் வைப்பது. 108. கயிறு இறுக்கிக் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கூடாது. விரியன் நஞ்சு இரத்தத்தை உறையவிடாமல் செய்வதால், கீறிய இடத்தில் இரத்தம் நிற்கவே நிற்காது. மருத்துவமனையில் கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து இருபது நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பதும் இதற்காகத்தான். கட்டு விரியன் கடி வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. வலி இல்லை என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக்கூடாது என்று அந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதினேன்.

அதே அட்டையில் விழுந்தவருக்கும் ஒரு வரி. உயரத்திலிருந்து விழுந்தவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி உட்காரவைக்கக்கூடாது. முதுகெலும்போ கழுத்தோ முறிந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே கால் செயலிழந்து போகலாம். அப்பச்சி விழுந்தபோது நாங்கள் அதைத்தான் செய்தோம்.

சுள்ளியோடு சேர்ந்து வந்த சீமைக்கருவேல முள் இரண்டு கம்பூட்ஸ் அடியில் குத்தி நின்றன. ரப்பர் செருப்பாக இருந்தால் பாதத்தில் ஏறியிருக்கும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் நினைவு வந்தது. மறுநாளே போட்டுக்கொண்டேன். அப்பச்சிக்கும் போட்டோம்.

குப்பையை எரிக்கவில்லை. சுவரோரத்து அரளியையும் கழித்திருந்ததால் இலைக் குவியலில் அதுவும் கலந்திருந்தது. அரளியின் பால், இலை, புகை மூன்றும் நஞ்சு. அதைத் தனியே பொறுக்கிக் குழியில் புதைத்தேன். வேப்பிலை காய்ந்ததும் கொஞ்சம் நெல் குதிருக்கு, மீதி தென்னை மூட்டுக்கு.

வேம்பு வேலை இத்தோடு முடிந்தது. ஓட்டு மடக்கைச் சுத்தம் செய்ய வரும் வாரம் ஆள் வருகிறார், அவருக்கும் அதே பெல்ட் சுவரில் தொங்குகிறது. வடக்குச் சுவரோரத்துப் பனையின் கதண்டு கூடு மட்டும் இன்னும் இருக்கிறது. தீயணைப்பு நிலையத்தில் சொல்லியிருக்கிறேன். கதண்டு எல்லாம் கூட்டுக்குள் அடங்கிய பிறகு, இருட்டியபின் வருவதாகச் சொன்னார்கள். அதுவரைக்கும் வடக்கு வாசலைப் பூட்டிச் சாவியை ஆத்தாவிடம் கொடுத்திருக்கிறேன்.